பதினைந்து நாள் நாற்றின் பயணம்

நண்டோட நெல், நரியோட கரும்பு, வண்டியோட வாழை, தேரோட தென்னை. தமிழ்நாட்டில் எந்த ஊர் உழவரைக் கேட்டாலும் இந்த வரிசை தடங்கலில்லாமல் வரும். எந்தப் பயிருக்கு எவ்வளவு இடைவெளி என்று சொல்லும் அளவுகோல் இது. அடிக்கோல் கையில் இல்லாதவருக்கும் நண்டு தெரியும், நரி தெரியும், கோயில் தேரின் அகலமும் தெரியும். அளவு சொல்லாத யோசனை வயலுக்குள் இறங்குமுன்பே கரைந்துபோகும் என்பதை இதை உண்டாக்கியவர்கள் அறிந்திருந்தார்கள். வள்ளுவர் ஒரு படி மேலே போனார். ஒரு பலம் புழுதி கால் பலமாகச் சுண்டும்வரை மண்ணைக் காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று எடைக்கணக்கே கொடுத்துவிட்டார். உழவு அதிகாரத்தில் அந்தக் குறளைப் படிக்கும்போதெல்லாம், இவர் யாரோ ஓர் உழவரின் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் கேட்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றும்.

அப்படி ஒரு விவரம் உலகைச் சுற்றிவந்து காவிரிப் படுகைக்குள் நுழைந்த கதை இது. ஒற்றை நாற்று நடவு என்றால் டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். வேளாண் துறை அதைத் திருந்திய நெல் சாகுபடி என்றது, செம்மை நெல் சாகுபடி என்றது. படித்தவர்கள் எஸ்.ஆர்.ஐ. என்பார்கள். பெயர் எதுவானாலும் பக்குவம் ஒன்றுதான்: 14, 15 நாளில் நாற்றைப் பறி, குத்துக்கு ஒன்றாக நடு, 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடு. நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் என்ற களையுருளையை உருட்டு. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடு. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் மடகாஸ்கர் என்பார்கள். அது சரிதான். ஆனால் அந்தத் தீவுக்கு வருவதற்கு முன்பே இந்த யோசனையின் கைகால்கள் வேறு வேறு ஊர்களில் பிறந்து வளர்ந்துகொண்டிருந்தன.

முதலில் முட்டையிலிருந்து தொடங்குவோம். விதை நெல்லைத் தேர்ந்தெடுக்க, தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, அதில் போட்ட கோழிமுட்டை மிதக்கும்போது நிறுத்தி, அந்தக் கரைசலில் விதையைக் கொட்டி, மிதப்பதைத் தள்ளி, அடியில் தங்கும் மணிகளை நன்றாகக் கழுவி விதைக்கச் சொல்வார்கள். கிராமத்துக் கைவைத்தியம் போலத் தோன்றும் இந்த முறையை, 1882-இல் ஜப்பானின் ஃபுகுவோக்காவில் வேளாண்மை கற்பித்துக்கொண்டிருந்த யோகோய் தொகியோஷி என்ற இளம் ஆசிரியர் வகுத்தார். ஜப்பான் அப்போது மேலைநாட்டு விஞ்ஞானத்தை அள்ளிக் குடித்துக்கொண்டிருந்த காலம். ஆனால் நெல்லைப் பொறுத்தவரை மேலைநாட்டுக்காரர்களிடம் கற்க அதிகம் இல்லை. கைதேர்ந்த முதிய உழவர்களையே தேடிப்பிடித்து, ஊர் ஊராக அனுப்பிச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். ஒருவர் வயலில் கண்டதை நூறு ஊருக்கு எடுத்துப்போன இந்த ஏற்பாடு அந்த நாட்டின் நெல் விளைச்சலை உயர்த்தியதில் பெரும்பங்கு வகித்தது.

அந்தக் காலத்தில் தொத்தோரி பகுதியைச் சேர்ந்த நகாய் தைச்சிரோ என்பவர் 1892-இல் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். நீளமான கைப்பிடி, முனையில் முட்கள் வைத்த உருளை. பயிர் வரிசைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனால் களையைப் பிடுங்கிச் சேற்றிலேயே அமுக்கிவிடும். அதுவரை கொதிக்கும் வெயிலில், சேற்றில் மண்டியிட்டுத் தவழ்ந்து களைபறித்த மக்களுக்கு அது முதுகை நிமிர்த்தித் தந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: நாற்று நேர்வரிசையில் இருந்தால்தான் உருளை ஓடும். இதற்காகவே கயிறு பிடித்து வரிசையாக நடச்சொன்னது அரசாங்கம். கேட்காதவர்களை வழிக்குக் கொண்டுவர, இடுப்பில் வாள் தொங்கவிட்ட போலீஸ்காரர்களைச் சில மாவட்டங்களில் வயல் வரப்புக்கே அனுப்பினார்கள். யோசனை நல்லதாக இருந்தாலும் வாளோடு வந்தால் கசக்கும். ஜப்பானிய உழவர்கள் அந்த நாட்களை நெடுங்காலம் மறக்கவில்லை.

இப்போது தஞ்சாவூருக்கு வருவோம். 1911-இலேயே ஒற்றை நாற்று நடவைப் பற்றித் தமிழில் அச்சிட்டு எழுதியிருக்கிறார்கள் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். அகல இடைவெளி விட்டு நடும் கஜ நடவு என்ற முறையும் அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பேசப்பட்டது. சென்னை மாகாண வேளாண் துறையும் விதை மிச்சமாகும் என்று சொல்லி, தஞ்சாவூரிலும் கிருஷ்ணா கோதாவரிப் படுகைகளிலும் ஒற்றை நாற்றைப் பரப்பப் பார்த்தது. பின்னாளில் மடகாஸ்கரில் இந்த முறையை வகுத்த பாதிரியார் பிறப்பதற்கே இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்த காலம் அது.

அப்படியானால் அது ஏன் இங்கேயே வேரூன்றவில்லை? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். அன்று டெல்டாவில் துண்டுப்பிரசுரம் மிராசுதார் வீட்டுத் திண்ணையோடு நின்றது. நாற்றைப் பிடித்த விரல்கள் நடவுப் பெண்களுடையவை; அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்துக் கற்கும் வாய்ப்பே தரப்படவில்லை. வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு விதைச் செலவு பெரிய சங்கதியில்லை. பண்ணையாளுக்கோ விளைச்சல் கூடினாலும் கூலி கூடப்போவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அன்றைய யோசனை குத்துக்கு ஒன்று என்பதோடு நின்றது. நாற்றின் வயதையும் களையுருளையையும் தண்ணீரைக் கட்டிவைக்காமல் விடுவதையும் ஒரே கட்டாகச் சேர்த்துச் சொல்ல அப்போது ஆளில்லை. முற்றிய நாற்றை ஒற்றையாக நட்டால் அது ஒற்றையாகவே நிற்கும், அவ்வளவுதான்.

அடுத்த அலை 1953-இல் வந்தது. சுதந்திர இந்தியா அரிசிக்குத் தவித்த நேரம். ஜப்பானிய முறை நெல் சாகுபடி என்று நாடு முழுக்கப் பிரசாரம் நடந்தது. மேட்டுப்பாத்தி நாற்றங்கால், குறைந்த விதை, கயிறு பிடித்து வரிசை நடவு, உரம், உருளைக் களையெடுப்பு எல்லாம் அதில் அடக்கம். நகாயின் கருவி அறுபது ஆண்டு கழித்துக் காவிரிக் கரையேறியது அப்படித்தான். வரிசை நடவு என்ற பழக்கம் அதிலிருந்து கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. மற்றவை மெல்ல உதிர்ந்தன.

அதே ஆண்டுகளில் ஜப்பான் இன்னொரு வாசல் வழியாகவும் உள்ளே வந்தது. கட்டாக்கிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தை மையமாக வைத்து, ஜப்பானிய நெல்லையும் இந்திய நெல்லையும் ஒட்டுச்சேர்க்கும் பெரிய திட்டம் ஒன்று நடந்தது. அதன் பிள்ளைகளில் ஒன்று, 1922 முதல் இயங்கிவரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.டி.டி. 27. நோரின் 10 என்ற ஜப்பானிய நெல்லுக்கும் நம் ஜி.ஈ.பி. 24-க்கும் பிறந்தது. குறுவைக்கு ஏற்ற குறுகிய கால நெல். 1960-61-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியில் 1966 முதல் வேளாண் ஒலிபரப்புக்கென்று தனிப்பிரிவே வைத்தார்கள். அந்த வானொலி ஏ.டி.டி. 27-ஐப் பற்றி இடைவிடாமல் பேசியது. எப்போது விதைப்பது, எந்த நாளில் எவ்வளவு உரம், பூச்சி விழுந்தால் என்ன மருந்து என்று மாலை நேரத்தில் டீக்கடை ரேடியோ சொல்லச் சொல்ல, எழுத்துக்கூட்டத் தெரியாதவரும் கேட்டுக்கொண்டார். ஊர் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் ரேடியோ நெல். சொல்லிக்கொடுத்தவரின் பெயரால் ஒரு நெல் வழங்கியது வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை. 1911-இல் திண்ணையோடு நின்ற யோசனைக்கும் 1966-இல் டீக்கடைக்கு வந்த யோசனைக்கும் நடுவிலுள்ள தூரத்தை அந்த ஒரு பெயர் சொல்லிவிடுகிறது.

இனி மடகாஸ்கர். ஆப்பிரிக்கக் கரையோரமாகக் கிடக்கும் அந்தத் தீவில் மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறார்கள். காரணம், அங்கே முதலில் குடியேறியவர்களில் பெரும்பங்கு இந்தோனேசியத் தீவுகளிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த நெல்லும் பாசிப்பயறும் கருகிய மணிகளாக அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. 8-ஆம் நூற்றாண்டிலிருந்து 12-ஆம் நூற்றாண்டு வரையிலானவை. அதே காலத்தில் அதே கடலின் இந்தப் பக்கம், சோழர் கலங்கள் கடாரத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தன. நெல்லின் உலகம் நாம் நினைப்பதைவிட நெருக்கமானது.

1961-இல் அங்கே வந்தார் ஹென்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சு இயேசுசபைப் பாதிரியார். துறவியாவதற்கு முன் பாரிஸில் வேளாண்மை படித்தவர். ஏழை உழவர்களின் வயலில் விளைச்சல் ஹெக்டேருக்கு 2 டன்னைத் தாண்டவில்லை. உரம் வாங்க அவர்களிடம் காசில்லை, புதுவிதைக்கும் வழியில்லை. காசில்லாமல் எதை மாற்றலாம்? இந்தக் கேள்வியோடு அவர் ஆண்டுக்கணக்கில் வரப்பில் நடந்தார். சில உழவர்கள் குத்துக்கு ஒன்றாக நடுவதைப் பார்த்தார். சிலர் வயலில் எப்போதும் தண்ணீர் நிறுத்தாமல் இடையிடையே காயவிடுவதையும் பார்த்தார். இரண்டையும் குறித்துக்கொண்டார். களையுருளையை நெடுக்காக மட்டுமல்லாமல் குறுக்காகவும் ஓட்டினால் என்ன என்று யோசித்துச் சதுர நடவுக்கு வந்தார். நகாயின் உருளை இப்போது இரண்டு திசையிலும் ஓடியது. இதுவரை எல்லாம் பொறுமையும் கவனிப்பும்.

மீதி தற்செயல். 1981-இல் ஆன்ட்சிராபே ஊரில் இளம் உழவர்களுக்காக அவர் ஒரு பள்ளி தொடங்கியிருந்தார். 1983-84 பருவத்தில் மழை ஏமாற்றியது. ஒருவழியாக மழை வந்தபோது கையிலிருந்த நாற்றுக்கு வயது 15 நாள். வழக்கமாக ஒரு மாத நாற்றைத்தான் நடுவார்கள். வேறு வழியில்லாமல் அந்தப் பிஞ்சையே ஒவ்வொன்றாக 25 செ.மீ. சதுரத்தில் நட்டார்கள். ஒரு மாதம் வரை வயல் வெறிச்சென்றுதான் கிடந்தது. தேறும் என்று யாரும் நம்பவில்லை. பிறகு பயிர் தூர்கட்டத் தொடங்கியது, நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு குத்திலும் இருபதுக்கு மேல் தூர். பாதிரியார் அடுத்த பருவத்தில் வேண்டுமென்றே 15 நாள் நாற்றை நட்டார். பிறகு 12, பிறகு 10 என்று இறங்கிப் பார்த்தார்.

ஏன் இப்படி நடக்கிறது என்று அவருக்குப் பல ஆண்டு விளங்கவில்லை. 1988-இல் ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் கதாயாமா என்ற ஜப்பானிய ஆய்வாளரின் கணக்கு கண்ணில் பட்டது. நெற்பயிர் எந்த ஒழுங்கில் இலைவிட்டுத் தூர்விடுகிறது என்பதை 1920-களிலும் 30-களிலும் எண்ணி எண்ணிப் பார்த்தவர் அவர். பயிரின் வளர்ச்சி சம இடைவெளியுள்ள கட்டங்களாக நடக்கிறது. முதல் மூன்று கட்டத்தில் தாய்த்தண்டு மட்டும். நான்காவதில் முதல் தூர். அதன்பின் தூருக்குத் தூர் குட்டி போட்டுப் பெருகுகிறது. குறையில்லாமல் வளர்ந்தால் பன்னிரண்டாம் கட்டத்தில் 84 தூர். நான்காம் கட்டம் தொடங்குவது ஏறத்தாழ 15-ஆம் நாளில். அதற்குள் இடம் மாற்றினால் நாற்று அதிர்ச்சியை உணர்வதில்லை. அதற்குப்பின் பறித்தால் முதல் தூரும் அதன் வம்சமும் பிறக்காமலே போய்விடுகின்றன. ஜப்பானில் எண்ணிய எண்ணிக்கை, தீவில் நடந்த விபத்துக்கு விளக்கமானது. கதாயாமா தன் அட்டவணையை விவரமாக எழுதிவைக்காமல் விட்டிருந்தால், ஐம்பது ஆண்டு கழித்து, வேறு கண்டத்தில், அவர் பெயரே அறியாத ஒருவருக்கு அது எப்படிக் கிடைத்திருக்கும்?

1990-இல் லொலானியே அந்தத் தீவின் மலகாசி நண்பர்களோடு தெஃபி சைனா என்ற சங்கம் அமைத்தார். 1993-இல் பெல்ஜியத்து இதழான திரோபிகுல்தூராவில் தன் முறையைப் பிரெஞ்சில் எழுதினார். காப்புரிமை எதுவும் கோரவில்லை. 1995-இல் இறந்தார். அவரோடு அது முடிந்திருக்க வேண்டியது. ஆனால் 1993 கடைசியில் நார்மன் அப்ஹாஃப் என்ற அமெரிக்கர் மடகாஸ்கர் வந்திருந்தார். கார்னெல் பல்கலைக்கழகக்காரர், படித்தது பயிரியல் அல்ல, அரசியல் விஞ்ஞானம். அதற்கு முன் இலங்கையின் கல் ஓயாப் பாசனத்தில், கடைமடைக்குத் தண்ணீர் போக உழவர்களே கூடி முறைவைத்துக்கொண்ட கதையை ஆராய்ந்து எழுதியவர். 2 டன் விளைந்த நிலத்தில் 8 டன் என்று சொன்னால் அவருக்கும் நம்பிக்கை வரவில்லை. ரானோமஃபானா காட்டோர ஊர்களில் மூன்று பருவம் காத்திருந்து, சராசரியே 8 டன்னைத் தொட்டதைப் பார்த்தபிறகுதான் வாய் திறந்தார். திறந்தபின் மூடவில்லை.

பரவிய விதம் சுவையானது. 1999-இல் நெதர்லாந்திலிருந்து வரும் இலியா என்ற செய்திமடலில் தெஃபி சைனாவைச் சேர்ந்த ஜஸ்டின் ரபெனாந்த்ரசானா இரண்டு பக்கக் கட்டுரை எழுதினார். உலகம் முழுக்கச் சிறு விவசாயத்தில் அக்கறையுள்ளவர்கள் வாங்கிப் படித்த இதழ் அது. அதே ஆண்டு சீனாவின் நான்ஜிங் வேளாண் பல்கலைக்கழகம் சோதித்தது. அடுத்து இந்தோனேசியா, கடல் கடந்து மடகாஸ்கர் போன நெல்லின் தாய்வீட்டுக்கே பக்குவம் திரும்பிவந்தது. 2002 ஏப்ரலில் சீனத்தின் சான்யா நகரில், வீரிய ஒட்டு நெல்லின் தந்தை யுவான் லாங்பிங் முன்னின்று நடத்திய மாநாட்டில் 15 நாட்டவர் தங்கள் வயல் கணக்கைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒவ்வொருவரும் எதையாவது மாற்றியிருந்தார்கள். சீனர்கள் ஒன்றுக்குப் பதில் மூன்று நாற்றை முக்கோணமாக, தள்ளித் தள்ளி நட்டுப் பார்த்தார்கள். காப்பியடித்தவர்கள் கூட்டிக் குறைத்ததால்தான் முறை மெருகேறியது.

தமிழ்நாட்டில் 2000-இல் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் சோதனை தொடங்கியது. முன்னின்றவர் பேராசிரியர் தி.ம.தியாகராஜன். ஆந்திராவுக்கு வந்த வழி வேறு: 2003-இல் அந்த மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானி சத்யநாராயணா இலங்கை வயல்களில் பார்த்துவிட்டுப் போய், அந்தப் பருவத்திலேயே மாவட்டந்தோறும் சோதனை வயல் போடவைத்தார். கல் ஓயாவில் பழகிய அமெரிக்கர் மடகாஸ்கரில் கண்டது, இலங்கை வழியாக ஆந்திராவுக்கு வந்தது. 2003-04-இல் தமிழ்நாட்டில் காவிரிப் படுகையிலும் தாமிரபரணியிலுமாக 200 உழவர் வயல்களில், பக்கத்துப் பக்கத்தில் பழைய முறையும் புதிய முறையும் நடப்பட்டன. தாமிரபரணியில் பழைய முறை ஹெக்டேருக்குச் சுமார் 5.7 டன், புதிய முறை 7.2 டன். மடகாஸ்கர் சொன்ன நான்கு மடங்கு இங்கே கிடைக்கவில்லை. நம் வயல்கள் ஏற்கெனவே நல்ல நிலையில் இருந்தன. ஆனால் ஏக்கருக்கு 20, 30 கிலோ விதைத்த இடத்தில் 3 கிலோ போதும் என்றானது. ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால் என்பது 1 சென்ட்டாகச் சுருங்கியது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று ஒவ்வோர் ஆண்டும் வானத்தையும் கர்நாடகத்தையும் பார்க்கும் டெல்டாவுக்கு, தண்ணீர் மிச்சம் என்ற பேச்சே காதில் தேன்.

ஆனாலும் டெல்டா உடனே தலையாட்டவில்லை, அதில் நியாயமும் இருந்தது. நடவுப் பெண்களின் கைக்கு 25, 30 நாள் நாற்று பழகியது. முடியைப் பிரித்து மூன்று நான்காகக் கிள்ளி அழுத்திக்கொண்டே பின்னால் நகர்ந்தால் வேகமாகப் போகும். இந்தப் பிஞ்சு நாற்றோ புல் மாதிரி இருக்கும். பறித்த அரைமணிக்குள், விதை ஒட்டியிருக்கும்போதே, வேர் மேல்நோக்கி மடங்காமல் பக்கவாட்டில் நழுவவிட்டு வைக்க வேண்டும். வேர் மடங்கினால் அது நிமிரவே ஒரு வாரம் போகும். ஆட்களிடம் இதை மட்டும் சொல்லி, காரணம் சொல்லாமல் விட்ட இடங்களில் நடவு பாழானது. பொறுமையாக ஒரு வயலில் நட்டுக்காட்டிய இடங்களில் இரண்டாம் பருவத்தில் அதே பெண்கள் வேகம் பிடித்தார்கள். சதுரத்துக்கு முடிச்சுப் போட்ட கயிறு பிடிப்பது நேரம் தின்றது. ஆந்திர உழவர்கள் இரும்புக் கம்பியால் உருளை செய்து, சேற்றில் உருட்டினால் கட்டம் விழும்படி மார்க்கர் கண்டுபிடித்தார்கள். அது இங்கும் வந்தது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்த கோனோவீடர் களிமண்ணில் கனத்தது. ஊர்ப்பட்டறைகளில் அதை இளைக்கவைத்தார்கள். அதுவரை பெண்களின் கையில் இருந்த களையெடுப்பு கருவி வந்ததும் பெரும்பாலும் ஆண்களிடம் போனது. அந்தக் கூலிநாட்கள் எங்கே போயின என்று யாரும் போதிய அக்கறையோடு கேட்கவில்லை. இந்த முறையின் வரலாற்றில் எனக்கு உறுத்தும் பக்கம் இதுதான்.

வடிகால் இல்லாத பள்ளக்கால் வயல்களில் ஐப்பசி கார்த்திகை மழையில் காய்ச்சல் ஏது, பாய்ச்சல்தான். அங்கே சம்பாவுக்கு 15 நாள் நாற்றை நட்டால் மூழ்கிப்போகும். குறுவைக்கும் மேட்டு வயலுக்கும் பொருந்தியது எல்லா மடைக்கும் பொருந்தாது என்பதை உழவர்கள் ஆரம்பத்திலேயே சொன்னார்கள்.

2010 செப்டம்பரில் தஞ்சைப் பெரியகோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழா நடந்தபோது, தமிழ்நாடு அரசு இந்த முறைக்கு ராஜராஜன் 1000 என்று பெயர் சூட்டியது. மலகாசி உழவர்களின் வழக்கமும் பிரெஞ்சுப் பாதிரியாரின் கவனிப்பும் ஜப்பானியரின் உருளையும் சேர்ந்த ஒன்றுக்குச் சோழப் பேரரசன் பெயர். அதில் தவறொன்றும் இல்லை. வந்தவருக்குப் பெயர் வைத்து வீட்டுப் பிள்ளையாக்கிக்கொள்வது நம் வழக்கம். இந்த முறையில் மாநிலத்திலேயே அதிக விளைச்சல் எடுப்பவருக்கு 5 லட்சம் ரூபாய் பரிசும் அடுத்த ஆண்டுகளில் வந்தது. குடியரசு நாள் விழா மேடையில் ஓர் உழவர் நெல்லுக்காகப் பதக்கம் வாங்குவதைப் பத்திரிகைகள் படம்போட்டன.

இந்தக் கட்டத்தில் இளங்காட்டுக்காரரான நம்மாழ்வாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1938-இல் பிறந்து, அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைபார்த்து, அதை உதறிவிட்டு வந்தவர். 2013 டிசம்பரில் மறையும்வரை கூட்டம் கூட்டமாகப் போய் ஒற்றை நாற்றைப் பேசினார். 2007-இல் தொடங்கிய பசுமை விகடன் இன்னொரு காரியம் செய்தது. சாதித்த உழவரின் கட்டுரைக்குக் கீழே அவருடைய தொலைபேசி எண்ணையும் அச்சிட்டது. எத்தனை நாளில் பறித்தீர்கள், எத்தனை முறை வீடர் ஓட்டினீர்கள் என்று எந்த ஊரிலிருந்தும் அவரையே கேட்கலாம். அந்த ஒரு வரி எண்ணால் எத்தனை வயல்கள் தப்பித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

விஞ்ஞானிகளிடையே இதற்குப் பலத்த எதிர்ப்பு இருந்தது. 2004-இல் பயிரியல் இதழொன்றில் இருவர் இதைப் பறக்கும் தட்டோடு ஒப்பிட்டு எழுதினார்கள்: பார்த்தேன் என்பவர்கள் நிறைய, அளந்து காட்டியவர்கள் இல்லை என்பது அவர்கள் வாதம். மடகாஸ்கரின் உச்ச விளைச்சல்கள் சிலவற்றை அப்படியே ஏற்க முடியாது என்பதில் அவர்கள் பக்கமும் வலு இருந்தது. ஆனால் அந்தச் சண்டை முடிவதற்குள் பக்குவம் நெல்லை விட்டே தாவிவிட்டது. ஒற்றைப் பருக்கரணை, அகல இடைவெளி என்று கரும்புக்குப் போய், தமிழ்நாட்டில் நீடித்த நவீன கரும்பு சாகுபடி ஆனது. பீகாரில் கோதுமைக்குப் போனது. 2007 முதல் சகாரா ஓரத்துத் திம்புக்துவில் நெல் உழவர்கள் நட்டுப் பார்த்தார்கள். எத்தியோப்பியாவில் தாரெக்கே பெர்ஹே என்ற விஞ்ஞானி, கடுகினும் சிறிய டெஃப் என்ற தானியத்தை நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டார். நரியோட நடச் சொன்னவர்கள் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள்.

இன்றைய டெல்டாவில் முழுக்க முழுக்க ஒற்றை நாற்றுச் சதுர நடவைப் பார்ப்பது அரிது. ஆள் கிடைப்பதில்லை, நடவு இயந்திரம் வந்துவிட்டது, நேரடி விதைப்பும் பரவுகிறது. ஆனால் இயந்திரத்துக்குப் பாய் நாற்றங்காலில் வளர்ப்பது அதே 15 நாள் நாற்றுதான். வரிசையும் இடைவெளியும் அதிலேயே வந்துவிடுகின்றன. குத்துக்கு ஒன்று என்பதை மட்டும் இயந்திரம் கேட்பதில்லை. இரண்டு மூன்றாகக் கிள்ளிவைக்கிறது.

காய்ச்சலும் பாய்ச்சலும் புது வாழ்வு பெற்றிருக்கிறது. தண்ணீர் நிற்கும் நெல்வயலிலிருந்து மீத்தேன் வாயு கிளம்பி வானத்தைச் சூடாக்குகிறது என்றும், இடையிடையே காயவிட்டால் அது நன்றாகக் குறையும் என்றும் அளந்து சொல்லிவிட்டார்கள். வெடிப்பு விழும்வரை காத்திருக்கப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு குழாய் உண்டு. 30 செ.மீ. நீளம், சுமார் 15 செ.மீ. விட்டம், அடிப்பாதியில் சுற்றிலும் துளை. அந்தப் பாதியைச் சேற்றில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். மேலே வயல் காய்ந்து கிடந்தாலும் குழாய்க்குள் எட்டிப்பார்த்தால் வேருக்குத் தண்ணீர் எட்டுகிறதா என்று தெரியும். தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மடையைத் திற. பூக்கும் வாரத்தில் மட்டும் காயவிடாதே. பழைய பி.வி.சி. குழாயில் துளை போட்டு இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.